டீச்சருக்குத் தனி பாக்ஸ்

மகன் வீட்டுக்குக் குடிவர ஒத்துக்கொண்டபோது விசில் டீச்சர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். கட்டில் இந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஜன்னல் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. சமையலில் உப்பு, காரம் பற்றி மூச்சு விடவில்லை. மருமகள் எப்போது எழுந்தாலும், எதை எங்கே வைத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துக்கொண்டாள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். அவள் கேட்டதெல்லாம் தன் அறை டிவிக்குத் தனியாக ஒரு செட்டாப் பாக்ஸ். தனி பாக்ஸ், தனி ரிமோட். ஹாலில் அவர்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும், தன் அறையில் தான் கேட்டது ஓட வேண்டும்.

"இவ்வளவுதானாம்மா? போட்டுட்டா போச்சு," என்றான் மகன். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே டீச்சருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெற்ற பாசம், வரவில்லை.

வேலை பார்த்த காலமெல்லாம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பிள்ளைகள் வைத்த பெயர், விசிலைக் கழற்றி வைத்த பிறகும் கழலவில்லை. வாலிபால் என்றால் உயிர். எங்கோ ஒரு நாட்டில், பெயரே வாயில் நுழையாத இரண்டு அணிகள் ஆடினாலும் விடமாட்டாள். கணவர் போன பிறகு ஒரு வாடகை வீட்டின் மாடியில் தனியாக இருந்தாள். மேட்ச் ஓடும்போது நடுவரைப் பார்த்து, "கண்ணை எங்கடா வெச்சிருக்க?" என்று அவள் போடும் சத்தம் கீழ்வீட்டுக்காரருக்குப் பழகிப்போயிருந்தது.

அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மகன்தான் வந்து நின்றான். "நீங்க இங்க தனியா கிடந்தா நாலு பேரு என்னையத்தான்மா காறித் துப்புவாங்க. எங்களோட வந்துடுங்க." அதில் பொய் எதுவும் இல்லை. நாலு பேருக்குத்தான் அவன் பயந்தான், அதை ஒளிக்கவும் இல்லை. டீச்சர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். வீட்டைக் காலி செய்து, பழைய டிஷ்ஷை வீட்டுக்காரருக்கே விட்டுவிட்டு, டிவியை மட்டும் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மகனின் வீடு புதுசு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. டிஷ் மாட்ட ஆள் வந்த அன்று டீச்சர் அவருக்கு முன்னால் மொட்டைமாடிப் படியில் நின்றாள். டிஷ்காரர் தொப்பையும் கருவிப் பையுமாக மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"தம்பி, டிஷ் மூக்குல ஒரு வாய் உள்ளது வேணாம். ரெண்டு வாய் உள்ளது போடுங்க. ஒரு வயர் ஹால் பாக்ஸுக்கு, இன்னொண்ணு என் ரூம் பாக்ஸுக்கு. அப்பத்தான் ரெண்டு டிவியிலயும் வேற வேற சேனல் ஓடும்."

டிஷ்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சரியாத்தான் கேக்குறீங்கம்மா. ஆனா ஆர்டர்ல ஒரு பாக்ஸ்தான் இருக்கு. சார்தான் ஒண்ணு போதும்னு சொன்னாரு."

டீச்சர் கீழே இறங்கி வந்தாள். மகன் ஹாலில் டிவிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது? ஒரு பாக்ஸ்தானாமே?"

"அம்மா, இன்னொரு பாக்ஸ்னா மாடியில இருந்து இன்னொரு வயர் இழுக்கணும். உங்க ரூம் சுவத்துல ஓட்டை போடணும். இப்பத்தான பெயின்ட் அடிச்சோம்?"

"என் ரூம் சுவருதானே? போடட்டுமே. ஒரு விரல் மொத்தத்துக்கு ஓட்டை. அதுக்கு மேல ஒரு காலண்டரை மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்புறமா பாக்கலாம்மா," என்று மழுப்பினான். "இப்போதைக்கு ஹால் பாக்ஸ்ல இருந்தே உங்களுக்கு ஒரு வயர் கொடுக்கச் சொல்றேன். சுவத்துக்குள்ள ஏற்கனவே பைப் இருக்கு. டிவி ஓடும்ல? அப்புறம் என்ன?"

டீச்சர் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். டிஷ்காரர் சுவருக்குள் இருந்த பைப் வழியாக வயரை இழுத்து அவள் டிவியின் பின்னால் செருகினார். "ஹால்ல என்ன ஓடுதோ அதுதான் உங்க ரூம்லயும் ஓடும்மா," என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஹாலுக்குப் போய் மகனுக்கு ஏதோ வித்தை காட்டிக்கொண்டிருந்தார். "இது புது மாடல் சார். உங்க போன்ல வர்றத அப்படியே டிவியில பெரிசா பாக்கலாம். வீடியோ கால்கூட பேசலாம்." மகன் குழந்தை மாதிரி சிரித்தது கேட்டது. டீச்சர் இருந்த கோபத்தில் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அவள் டிவி ஒப்புக்குச் சப்பாணி ஆனது. ஆட்டத்தில் பெயர் உண்டு, பந்து வராது. ஹாலில் மருமகள் சேனலை மாற்ற மாற்ற, இங்கே டீச்சரின் திரையில் பாட்டும் அழுகையும் விளம்பரமும் தாவித் தாவி ஓடின. எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்து அந்தத் தாவலில் ஒரு வாலிபால் மேட்ச் வரும். ஒரு பெண் சர்வீஸ் போடப் பந்தை மேலே தூக்கி எறிவாள். அந்தப் பந்து கீழே வருவதற்குள் திரையில் யாராவது ஒருத்தி தன் புது வீட்டு அலமாரியைத் திறந்து காட்டுவாள். மருமகளுக்கு அடுத்தவர் வீட்டு அலமாரிகளைப் பார்ப்பதில் அப்படி ஓர் ஆர்வம். டீச்சர் கையில் இருந்தது அவளுடைய பழைய டிவி ரிமோட். அதில் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பிடிக்கவில்லையென்றால் அணைக்கலாம். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

"கொஞ்ச நேரம் மேட்ச் போடுறியாம்மா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இது முடிஞ்சதும் போடுறேன் அத்தை," என்பாள் மருமகள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது முடியாது, அவ்வளவுதான்.

மகனிடம் கேட்டால், "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைம்மா, பேசுறேன்," என்பான். கிணற்றில் போட்ட கல்தான். விட்டேனா பார் என்று டீச்சரே கம்பெனிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் இசை கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். குரல் தேனாக இருந்தது. டீச்சர் தனக்கு வேண்டியதைப் பிசகில்லாமல் சொன்னாள். அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு பாக்ஸ் இருக்கிறது, இன்னொரு பாக்ஸ் வேண்டும், கூடவே ரெண்டு வாய் உள்ள டிஷ் மூக்கும்.

"புரியுது மேடம். நீங்க கேக்குறது சைல்டு கனெக்‌ஷன். அத பேரன்ட் கனெக்‌ஷன் வெச்சிருக்கவங்கதான் கேக்கணும் மேடம்."

"அப்படின்னா?"

"முதல் பாக்ஸ் பேரன்ட் மேடம். ரெண்டாவதா போடுறது சைல்டு. பேரன்ட் சம்மதம் இல்லாம சைல்டுக்கு எதுவும் பண்ண முடியாது."

"முதல் பாக்ஸ் யார் பேர்ல இருக்கு?"

அந்தப் பெண் மகனின் பெயரைச் சொன்னாள்.

"அவன் என் பையம்மா. நான் அவனைப் பெத்தவ. நான்தான் பேரன்ட், அவன்தான் சைல்டு."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "சிஸ்டத்துல அப்படி இல்லையே மேடம்," என்றாள் அந்தப் பெண், நிஜமான வருத்தத்தோடு. "சாரை ஒரு தடவை பேசச் சொல்லுங்க. நான் ரிக்வெஸ்ட் மட்டும் போட்டு வைக்கிறேன். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

வேறு உதவி வேண்டாம் என்று டீச்சர் போனை வைத்தாள். சிரிப்பாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சாயங்காலம் மகனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லப் போவதாகச் சொன்னான். சொல்லியும் இருப்பான். கம்பெனிக்குத்தான் பேசவில்லை.

வாலிபால் இறுதிப் போட்டி ஒரு விடுமுறை நாள் மத்தியானத்தில் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே டீச்சர் மருமகளிடம் சொல்லி வைத்தாள்.

"நீங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிங்க அத்தை. ஆரம்பிச்சதும் நானே போட்டு விடுறேன்."

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். தூக்கம் எங்கே வரும்? பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி புரண்டு புரண்டு படுத்தாள். கடைசியில் எழுந்து, சத்தத்தைத் தனக்கு மட்டும் கேட்கும் அளவுக்குக் குறைத்து வைத்து டிவியைப் போட்டாள். தூங்காமல் காத்துக் கிடக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்தால் மானக்கேடு. திரையில் யாருடைய வீட்டுச் சமையலறையோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது இருண்டது. போட்டுவிட்டாள் மகராசி என்று டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் வந்தது அவளுடைய மகள்.

கடல் தாண்டிப் போய்விட்ட மகள். மாதத்துக்கு ஒரு தடவை போனில் அவசர அவசரமாகப் பேசும் மகள், திரை முழுக்க முகமாக, தலைமுடியை அள்ளி முடிந்தபடி அவளை நேருக்கு நேர் பார்த்தாள். டிவியிலேயே கூப்பிட்டிருக்கிறாளே, இதற்குத்தான் அன்றைக்கு அவ்வளவு வித்தை காட்டினாரா டிஷ்காரர்! சட்டென்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நரைமுடியைக் கையால் ஒதுக்கினாள்.

"கேக்குதா?" என்றாள் மகள்.

"கேக்குதுடி, கேக்குது. நல்லா தெரியுற."

"சாப்டாச்சா?"

"இப்பத்தான் ஆச்சு. நீ?"

"என்ன, இளைச்ச மாதிரி தெரியுற?"

"நானா இளைச்சேன்? உன் தம்பி பொண்டாட்டி கைமணத்துல கன்னம் உப்பிக் கிடக்கு, நல்லா பாரு." டீச்சர் சிரித்தாள். மகளும் அதே நேரத்தில் சிரித்தாள். எத்தனையோ நாளாயிற்று இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து சிரித்து. தனி பாக்ஸும் வேண்டாம், வாலிபாலும் வேண்டாம் என்று டீச்சருக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

"அம்மா தூங்குறாங்களா?" என்றாள் மகள்.

"கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கேன், தூங்குறாங்களான்னு கேக்குற?" விளையாடுகிறாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள். அதற்கப்புறம்தான் திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். தீப்பெட்டி அளவில் ஹால் சோபா இருந்தது. மகன் இருந்தான். பக்கத்தில் மருமகள் இருந்தாள். மகனின் வாய் அசைந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது. கேள்வி அவனுக்கு. சாப்டாச்சா என்றது அவனுக்கு. இளைத்துப் போனதும் அவன்தான்.

டீச்சர் கையில் ரிமோட் இருந்தது. அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

"அந்த இடத்தப் போய்ப் பாத்துட்டு வந்தியே, எப்படிடா இருக்கு?" என்றாள் மகள். கேட்டுக்கொண்டாள். "மேட்டுல இருக்கா? நல்லதுதான், காத்து வரும்... ஒரு ரூம்ல எத்தனை பேரு? நாலா? இருக்கட்டும், பேச்சுத் துணைக்கு ஆச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு நீண்டது.

"இல்லடா, நான் எப்படி வெச்சுக்க முடியும்? என் வீட்டு நிலவரம் உனக்குத் தெரியாததா? நீயும் எவ்வளவு நாள்தான் பாப்ப?... மழை விட்டதும் கொண்டு போய் விட்டுடு. எடுத்த எடுப்புல சொல்லாத. பத்து நாள் இருந்து பாருங்கம்மா, பிடிக்கலன்னா வந்துடலாம்னு சொல்லு. அவங்களும் பழகிடுவாங்க."

எல்லாக் கதையிலும் இந்த இடத்தில் மருமகள் தலை உருளும். இங்கே அதற்கு வழி இல்லை. அந்தச் சின்னக் கட்டத்தில் மருமகள் வாயே திறக்கவில்லை. ஒரு தடவை திரும்பி டீச்சரின் அறைக் கதவைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். பேசிக்கொண்டதெல்லாம் டீச்சர் வயிற்றில் பிறந்த இரண்டும்தான்.

"டிவி இருக்கா அங்க? அம்மாவுக்கு அது இல்லன்னா ஆகாதே," என்றாள் மகள். அக்கறையாகத்தான் கேட்டாள். "ஹால்ல பெரிசா, பொதுவா ஒண்ணா? அது போதும்டா. எல்லாரும் சேர்ந்து பாத்துக்கட்டும்." பிறகு எதையோ கேட்டுச் சிரித்தாள். "தனி பாக்ஸா? அதுக்குத்தான் போடாம இழுத்தடிச்சியா? நல்ல வேலை பண்ணின. போகப் போறவங்களுக்கு எதுக்குடா சுவத்துல ஓட்டை?"

டீச்சர் டிவியை அணைத்தாள்.

நாலு பேர் இருக்கும் அறையைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. மகள் வெச்சுக்க முடியாது என்றதையும் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த ஓட்டையைத்தான் தாங்க முடியவில்லை. டிஷ் மாட்ட வந்த அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டிவியைச் சுற்றி வந்த போர்வையைக்கூட அவள் அப்போது மடித்து வைத்திருக்கவில்லை. இருந்த வீட்டைக் காலி செய்ய வைத்து, பெட்டி படுக்கையோடு அழைத்து வந்து, வாசற்படி ஏறும்போதே இவள் போகப் போகிறவள் என்று முடிவு பண்ணியிருக்கிறான். இது தெரியாமல் ஒரு விரல் மொத்த ஓட்டைக்கு அவனிடம் கெஞ்சியிருக்கிறாள், காலண்டர் மாட்டி மறைத்துக்கொள்கிறேன் என்று. அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வெளியே போகாமல் தலையணையில் முகத்தை வைத்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் மருமகள் கதவைத் தட்டினாள். "அத்தை, மேட்ச் ஆரம்பிச்சாச்சு. போட்டு விட்டுட்டேன்."

"வேணாம்மா," என்றாள் டீச்சர் உள்ளிருந்து. "யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சு போச்சு."

அதற்கப்புறம் அவள் பாக்ஸ் பற்றிப் பேசவே இல்லை. மகனுக்கு அதில் பெரிய நிம்மதி. அம்மா ஒரு வழியாக அனுசரித்துப் போகப் பழகிவிட்டதாக மனைவியிடம் சொன்னான். மழைக்காலம் வந்தது. காற்று அடித்த அடியில் மாடியில் டிஷ் திரும்பிக்கொண்டது, இரண்டு டிவியிலும் படம் போனது. மழை நன்றாக விட்ட ஒரு நாள் காலையில் டிஷ்காரர் வந்தார். மகன் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டுக் கீழே வந்தவர், டீச்சரைப் பார்த்ததும் நின்றார். "ஏம்மா, தனி பாக்ஸ் வேணும்னு ஆபீசுக்குப் பேசினீங்களாமே? ரிக்வெஸ்ட் அப்படியே நிக்குது. சார் சரின்னா இப்பவே போட்டுடுறேன். வண்டியில ஒண்ணு இருக்கு."

மகன் கையைப் பிசைந்தான். "அது வந்து... இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"இரு, நான் பேசுறேன்," என்றாள் டீச்சர். குரலில் மைதானம் திரும்பி வந்திருந்தது. "தம்பி, ஒரு சந்தேகம். நீங்க போடுற சைல்டு பாக்ஸை நான் வேற வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஓடுமா?"

"ஓடாதும்மா. பேரன்ட் பாக்ஸ் எந்தக் கூரைக்குக் கீழ இருக்கோ, அங்க மட்டும்தான் சைல்டும் ஓடும்."

"அப்ப எனக்கு அது வேணாம். புதுசா ஒரு பேரன்ட் கனெக்‌ஷன் போட்டுக்குங்க. என் பேர்ல. பாக்ஸ் சின்னதா இருக்கணும், கட்டில் பக்கத்துல வைக்கிற மாதிரி. காதுல மாட்டிக் கேக்குற வசதி கண்டிப்பா வேணும். ஒரு ரூம்ல நாலு பேரு. நான் மேட்ச் பாக்குறதுக்காக மத்தவங்க தூக்கம் கெடக் கூடாது."

டிஷ்காரர் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். மகன் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைக்கப் போனவன் அப்படியே நின்றான்.

"அப்புறம் டிஷ்ஷுக்கு நல்ல கனமான ஸ்டாண்டா பாத்துப் போடுங்க. மேட்டு மேல இருக்கிற இடம். காத்து நல்லா வருமாம்."

சமையலறை வாசலில் மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா..." என்றான் மகன். "யாரும்மா உங்ககிட்ட..."

"நீதாம்பா காட்டின. ஹால்ல ஓடுறதுதானே என் ரூம்லயும் ஓடும்?"

எதுவும் புரியாத டிஷ்காரர், குறித்ததை ஒருமுறை சரிபார்த்தார். வேலை தெரிந்த மனுஷன், எதையும் விட்டுவிடவில்லை. "எல்லாம் போட்டுட்டேம்மா. எந்த வீட்டுக்குன்னு சொல்லுங்க. அட்ரஸ்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. என் பையன்தான் போய்ப் பாத்துட்டு வந்தான். அவன் சொல்லுவான், எழுதிக்குங்க."

டிஷ்காரர் மகன் பக்கம் திரும்பினார். கட்டைவிரலைப் போனின் மேல் தயாராக வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார்," என்றார்.